வயசு, சோம்பல், அடம்: நோயை மறைக்கும் மூன்று சொற்கள்

பாகான் டத்தோ – வீட்டுப் பெரியவர் பேச்சில் தடுமாறினால் "வயசாயிடுச்சு" என்கிறோம். எந்நேரமும் படுத்தே இருக்கும் அம்மாவைச் "சோம்பல்" என்கிறோம். சோற்றைத் தள்ளி வைக்கும் மகளை "அடம்" என்கிறோம். இந்த மூன்று சொற்களாலும் தள்ளிப்போகும் சிகிச்சைகள் ஏராளம். தடுமாற்றத்துக்கு இரத்தத்தில் சீனி குறைந்தது காரணமாக இருக்கலாம். சோர்வுக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம். சோற்றை மறுப்பது உணவுப் பழக்கக் கோளாறாக இருக்கலாம்.

தாதியர் பயிற்சியில் அகச்சுரப்பி நோய்கள், கண் காது நோய்கள், நினைவாற்றல் கோளாறுகள், உணவுப் பழக்கக் கோளாறுகள் ஆகியவை நான்கு தனித்தனிப் பாடங்கள். வீட்டிலோ இவை ஒரே ஆளிடம் ஒன்றாக வந்து நிற்கும். இனிப்பு நீர் உள்ளவருக்குக் கண் மங்கும். கண் மங்கியவர் ஊசி மருந்தின் அளவைத் தவறாகப் படிப்பார். அளவு தவறினால் சீனி இறங்கி மனம் குழம்பும். குழப்பத்தைப் பார்த்து நாம் "வயசு" என்போம். பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் தேர்வுக்குப் படிக்கும் தாதியர் மாணவர்களுக்கும் பயன்படும் வகையில் அந்த நான்கையும் இங்கே ஒன்றாகத் தொகுத்துள்ளோம்.

நம் வட்டாரத்துக்கு இது ஏன் முக்கியம்?

பாகான் டத்தோ 2017ஆம் ஆண்டில் பேராவின் 12ஆவது மாவட்டமானது. தென்னையும் செம்பனையும் சூழ்ந்த பகுதி இது. ஊத்தான் மெலிந்தாங் அருகே உள்ள ஜெண்டராத்தா தோட்டம், 1906இல் டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கியது. அந்தக் காலத் தோட்டங்களில் காய்ச்சல் என்றாலும் காயம் என்றாலும் முதலில் பார்ப்பவர் தோட்டத்து 'டிரெஸர்'. ஒவ்வொரு குடும்பத்தையும் அவருக்குத் தெரியும்; நேற்று நன்றாக இருந்தவர் இன்று மாறியிருந்தால் அவர் கண்ணில் படும். இன்று பல குடும்பங்களில் பிள்ளைகள் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு முதியவர்கள், சில வீடுகளில் ஒருவர் மட்டுமே. மாற்றத்தைக் கவனிக்க ஆள் இல்லை.

நோயின் சுமையோ பெரிது. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், 18 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் அதுவே அதிகம். முதியவர்களைப் பற்றிய 2018ஆம் ஆண்டு ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் எனக் கண்டறியப்பட்டது.

1. அகச்சுரப்பி: இனிப்பு நீர்

மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி, வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தத்தில் சீனி 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல், அல்லது எந்நேரத்திலும் 11.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இனிப்பு நீர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் எல்லை 6.3 விழுக்காடு. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே சோதனையை வைத்து முடிவு செய்வதில்லை. மறுபடி எடுத்து உறுதிப்படுத்துவார்கள்.

வீட்டில் உடனடி ஆபத்து, சீனி குறைவதுதான். 4.0க்குக் கீழே இறங்கினால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி வரும். முதியவர்களிடம் இவை தெரியாமலே போகலாம். அவர்களிடம் முதலில் தெரிவது குழறும் பேச்சு, காரணமில்லாத கோபம், தள்ளாட்டம், தூக்கக் கலக்கம். 'குடித்தவர் போல இருக்கிறார்' என்று நினைத்துவிடுவதும் உண்டு.

அப்போது செய்ய வேண்டியது:

• கருவி இருந்தால் சீனியைச் சோதியுங்கள். கருவி இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம்.
• விழித்திருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.
• 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். இன்னும் 4.0க்குக் கீழே இருந்தால் மறுபடியும் கொடுங்கள்.
• தெளிந்த பிறகு ரொட்டி, சோறு போன்ற உணவு கொடுங்கள்.
• மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999ஐ அழையுங்கள்.

பெரும்பாலும் இது நடப்பது மாத்திரையை விழுங்கிவிட்டுப் பசியாறாமல் இருக்கும்போது. இன்சுலினும் கிளிக்லசைட் வகை மாத்திரைகளும் சாப்பிடாவிட்டாலும் சீனியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மருந்து உடலில் நீண்ட நேரம் தங்குவதால் ஆபத்து கூடும். தைப்பூசம், புரட்டாசி விரதங்களில் வேளை உணவைத் தவிர்க்க நினைப்பவர்கள், விரதம் தொடங்கும் முன்பே கிளினிக்கில் மருந்தின் அளவையும் நேரத்தையும் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துவதும் தவறு.

சீனி அளவுக்கு மீறி ஏறுவதும் மனதைக் குழப்பும். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வறண்ட நாக்கு, பிறகு தூக்கக் கலக்கம் என்று சில நாட்களில் முற்றும். கருவி எண்ணைக் காட்டாமல் 'ஹை' என்று காட்டினால், அல்லது வாந்தி, வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். உறையும் பகுதியில் வைக்கக் கூடாது. பயன்பாட்டில் உள்ள பேனாவை 30 டிகிரிக்குள் வெளியே வைக்கலாம். பல வகைகள் சுமார் நான்கு வாரம்தான் தாங்கும். நம் ஊர் வெயிலில் காரிலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ விட்டுவிட்டால் மருந்து வீணாகிவிடும். பிறகு ஊசி போட்டும் சீனி இறங்காது.

2. அகச்சுரப்பி: தைராய்டும் ஸ்டீராய்டும்

தைராய்டு சுரப்பு குறைந்தால் உடலின் எல்லா வேலையும் மெதுவாகும். சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வறண்ட தோல், முடி உதிர்தல், மறதி, மனச்சோர்வு வரும். நடுத்தர வயதுப் பெண்களிடம் இது அதிகம். "சோம்பல்" என்ற பட்டம் கிடைப்பதும் இவர்களுக்குத்தான். ஓர் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும் நோய் இது. மருந்தான லெவோதைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியும் பசியாறலும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.

சுரப்பு கூடினால் எடை குறையும், இதயம் படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். அதற்குக் கார்பிமசோல் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால், சாதாரணச் சளி என்று விடக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம். அன்றே இரத்தச் சோதனை வேண்டும்.

மூட்டு வலிக்கு வாங்கும் ஜாமு, மஜுன் வகைகளிலும் ஒரு ஆபத்து உண்டு. பதிவு பெறாத சில பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு திரும்பத் திரும்ப எச்சரித்து வந்துள்ளது. "சாப்பிட்ட ரெண்டு நாள்ல வலி போச்சு" என்பதே சந்தேகத்துக்கு இடம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உருண்டு வீங்கும், சீனியும் இரத்த அழுத்தமும் ஏறும், தோல் எளிதில் கன்றும். திடீரென நிறுத்தினால் வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்து. பெட்டியில் 'எம்ஏஎல்' பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் பெட்டியோடு கிளினிக்குக்குப் போங்கள். திட்டுவார்கள் என்று மறைத்தால் மருத்துவரால் உதவ முடியாது.

3. கண்ணும் காதும்

இனிப்பு நீர் கண்ணின் விழித்திரையைக் கெடுக்கும்போது தொடக்கத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. பார்வை குறைந்ததை நாம் உணரும்போது பாதிப்பு முற்றியிருக்கும். அதனால் நோய் கண்டறிந்த உடனேயே கண்ணைப் படமெடுக்க வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை. கால் உணர்ச்சியையும் அதே போலச் சோதிக்க வேண்டும். கண்ணும் தெரியாமல் காலும் மரத்தவருக்கு முள் குத்தியதே தெரியாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய கண் அறிகுறிகள்:

• ஒரு கண்ணில் திரை விழுந்தது போல இருள், திடீர் மின்னல் கீற்றுகள், நிறைய கரும்புள்ளிகள்.
• கடுமையான கண் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், கூடவே தலைவலியும் வாந்தியும். இது கண் அழுத்த நோயின் திடீர்த் தாக்குதலாக இருக்கலாம்.

கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விட்ட பின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மருந்து தொண்டைக்கும் இரத்தத்துக்கும் போவது குறையும். இரண்டு வகைச் சொட்டு இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடவும். டிமோலோல் சொட்டு ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. மருத்துவரிடம் ஆஸ்துமாவைச் சொல்லியாக வேண்டும்.

முதுமையில் கேட்கும் திறன் குறையும்போது உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். அதனால் கத்திப் பேசினால் பயன் இல்லை. முகத்துக்கு நேராக நின்று, தாழ்ந்த குரலில், மெதுவாக, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். காதில் அடைத்த அழுக்கை எடுத்ததுமே கேட்கத் தொடங்குபவர்களும் உண்டு. ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் அது அவசரம். சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் மீள வாய்ப்பு அதிகம்.

காதுக்கும் நினைவுக்கும் தொடர்பு உண்டு. லேன்செட் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் கேட்புக் குறைவு, பார்வைக் குறைவு, இனிப்பு நீர், இரத்த அழுத்தம், மனச்சோர்வு, தனிமை எல்லாம் இருக்கின்றன. இந்த 14ஐயும் சரி செய்தால் உலகில் மறதி நோயில் 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு.

4. நினைவும் குழப்பமும்

இங்கே ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்தால் போதும்: எவ்வளவு வேகமாக வந்தது?

சில மணி நேரத்தில் அல்லது சில நாளில் வந்த குழப்பம், காலையில் தெளிந்து மாலையில் கூடி, கவனம் ஓரிடத்தில் நிற்காமல் இருந்தால், அது திடீர் மனக்குழப்பம். மருத்துவ அவசரம். காரணம் பெரும்பாலும் உடலில் இருக்கும்: சீனிக் குறைவு, சிறுநீர்த் தொற்று, நுரையீரல் சளி, உடலில் நீர் குறைதல், உப்புச்சத்து மாற்றம், மலச்சிக்கல், புதிய மருந்து. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் தூக்கம் வரும் மாத்திரைகூட முதியவரைக் குழப்பிவிடும். காரணத்தைச் சரி செய்தால் பலர் தெளிந்துவிடுவார்கள். சிலர் கத்தாமல், சும்மா தூங்கிக்கொண்டே இருப்பார்கள். அதுவும் இதே குழப்பம்தான். தொந்தரவு இல்லை என்று விட்டுவிடுவதால் இவர்கள் நிலை மோசமாகும்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் அது பக்கவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு 4.5 மணி நேரம்தான் கெடு. பாகான் டத்தோ பட்டணத்திலிருந்து தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் பயணமே ஏறக்குறைய ஒரு மணி நேரம். தைலம் தேய்த்துப் பார்க்க நேரம் இல்லை.

மாதங்கள், ஆண்டுகள் என்று மெதுவாக வருவது மறதி நோய். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லாருக்கும் உண்டு. தினமும் போகும் கடையிலிருந்து வீட்டுக்கு வழி மறப்பது, ஐம்பது ஆண்டு வைத்த குழம்பின் வரிசையை மறப்பது, பணக்கணக்கு தவறுவது ஆகியவை நோயின் அடையாளங்கள். மறதி போலத் தோன்றும் மனச்சோர்வும் உண்டு. தவறான பதில் சொல்லி மழுப்பாமல், எதைக் கேட்டாலும் "தெரியல" என்று ஒதுங்குவது அதில் அதிகம்.

கிளினிக்கில் நினைவாற்றலைச் சில கேள்விகள் கேட்டுச் சோதிப்பார்கள். கேள்வி மலாயில் கேட்கப்பட்டால், வாழ்நாள் முழுதும் தமிழிலேயே புழங்கிய தோட்டத்துப் பாட்டி தடுமாறுவது இயல்பு. காது கேட்காதவரும், கண்ணாடி கொண்டு வராதவரும், பள்ளிக்கூடம் போகாதவரும் அப்படியே. நோய் இல்லாதவருக்கும் குறைந்த மதிப்பெண் கிடைத்துவிடும். தமிழில் கேள்வியை எடுத்துச் சொல்லக்கூடிய ஒருவர் உடன் போக வேண்டும். பதிலை மட்டும் அவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நோய் முற்ற முற்ற, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவித் தாய்மொழி நிற்பது பலரிடம் காணப்படுகிறது. பேரப்பிள்ளைகள் தமிழில் பேசினால் பாட்டிக்கு அது பெரிய பிடிமானம்.

வீட்டில் வாதாட வேண்டாம். இறந்துபோன தாத்தாவை "எங்கே?" என்று பாட்டி கேட்டால், ஒவ்வொரு முறையும் மரணத்தைச் சொல்லி அழ வைப்பதை விட, "அவரைப் பத்திச் சொல்லுங்க" என்று பேச்சைத் திருப்பலாம். பொழுது சாயும் முன்பே விளக்கைப் போடுங்கள். அந்தி நேரத்தில் குழப்பம் கூடும். நம் பகுதியில் செம்பனை வரிசைகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பக்கத்திலேயே பாரிட் எனும் வடிகால்களும் ஆறும். வெளியே நடந்துவிடும் பழக்கம் உள்ளவரின் கையில் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள பட்டை இருக்கட்டும். காணவில்லை என்றால் 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. உடனே போலீசில் புகார் செய்யலாம்.

5. உணவு

மறதி நோய் உள்ளவர் பசியை மறக்கலாம், சாப்பிட்டதை மறக்கலாம், விழுங்கும் முறையையே மறக்கலாம். ஒரே நேரத்தில் ஒரு பதார்த்தம், அடர் நிறத் தட்டு, கையில் எடுத்துத் தின்னக்கூடிய உணவு ஆகியவை உதவும். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டி, பின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கச் செய்யுங்கள். சாப்பிடும்போது இருமினாலும் குரல் ஈரமாக மாறினாலும் விழுங்குவதைச் சோதிக்க வேண்டும். ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காடு அல்லது ஆறு மாதத்தில் 10 விழுக்காடு குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பொருந்தாத பல் செட்டு, வாய்ப்புண், மனச்சோர்வு எல்லாம் காரணமாக இருக்கலாம்.

இளையோரிடம் வேறு நோய்கள் உண்டு. உடல் மெலிந்தும் 'குண்டாக இருக்கிறேன்' என்று பட்டினி கிடப்பது ஒன்று. ஒரே மூச்சில் நிறையத் தின்றுவிட்டு வாந்தி எடுப்பது இன்னொன்று. இதில் எடை சாதாரணமாகவே இருக்கலாம், அதனால் யாருக்கும் தெரியாது. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, விரல் மூட்டுகளில் தழும்பு, பல் அரிப்பு, கன்ன வீக்கம், மாதவிலக்கு நிற்பது, மயக்கம் ஆகியவற்றைக் கவனியுங்கள். வாந்தியால் உடலில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடம் மாறி உயிர் போகலாம். இன்சுலின் போடும் இளம்பெண் எடை குறைக்க ஊசியைத் தவிர்ப்பதும் உண்டு. அவருக்குச் சீனி ஏறி அடிக்கடி மருத்துவமனையில் சேர நேர்ந்தால் இதையும் அன்போடு கேட்க வேண்டும்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக விருந்து வைக்கக் கூடாது. உடலில் பாஸ்பேட் உள்ளிட்ட உப்புகள் சட்டெனக் குறைந்து இதயம் பாதிக்கப்படும். மருத்துவமனையில் இரத்தம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகவே உணவைக் கூட்டுவார்கள். உறவினர் கூடும் இடத்தில் "என்ன, குண்டாயிட்ட?", "இப்படி எலும்பா இருக்கிறே?" என்று பிள்ளைகளின் உடம்பைப் பேச்சாக்குவதை நிறுத்தினாலே பாதி உதவி.

வெட்கம் வேண்டாம்

1911இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயர் பேராவில் இன்றும் கேலிச் சொல்லாகவே புழங்குகிறது. 'அங்கே அனுப்பிவிடுவார்கள்' என்ற பயத்தில் மறதியையும் உணவுக் கோளாற்றையும் மறைக்கும் குடும்பங்கள் உண்டு. முதல் படி அங்கே இல்லை. அருகில் உள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். தேவைப்பட்டால் அவர்களே மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். அரசாங்க உதவித் தொகை பெறும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. மன உளைச்சலுக்குச் சுகாதார அமைச்சின் 15555 எண்ணையும் அவசரத்துக்கு 999ஐயும் அழைக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும், ஜாமு உட்பட, ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். மூக்குக் கண்ணாடியும் காது கருவியும் உடன் இருக்கட்டும். வீட்டு நாள்காட்டியில் மூன்றை எழுதி வையுங்கள்: மாற்றம் தொடங்கிய நாள், அன்று மருந்தோ உணவோ மாறியதா, சீனி அளவு என்ன. தொலைவில் இருக்கும் பிள்ளைகள் தினமும் தொலைபேசியில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கும்போது, என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை விழுங்கினார் என்றும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "எப்போதிலிருந்து இப்படி?" என்பதுதான். நாளைச் சொல்ல முடிந்தால் பாதிச் சோதனை அங்கேயே முடிந்துவிடும்.